உள்ளே திட்டும் குரலுக்கு என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவு வரும் வாரங்களிலும், பனியன் ஆர்டர் குறைந்து ஆள் குறைப்பு நடக்கும் மாதங்களிலும் எல்லா நாளிதழ்களும் ‘தன்னம்பிக்கையோடு இருங்கள்’ என்று எழுதுகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் மனம் காயப்பட்டவரிடம் அது பலிப்பதில்லை. 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் குழுவினர், தம்மைத் தாழ்வாக நினைப்பவர்கள் சிலரை ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சொல்லாதவர்களைவிடச் சொன்னவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. வாய் ஒன்று சொல்ல, உள்ளிருக்கும் குரல் ‘யாரு, நீயா?’ என்று மறுத்துப் பேசுகிறது. முதலில் பழக வேண்டியது அந்தக் குரலோடுதான். அதற்கான முறையை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

மூன்று நாள் ஒரு சிறு நோட்டைக் கையோடு வைத்திருங்கள். மனம் சுருங்கும் நேரத்தில் உள்ளே ஓடும் வாக்கியத்தை மெருகேற்றாமல் எழுதுங்கள். ‘பக்கத்து ஊட்டுப் பையனைப் பாரு’, ‘நாலு பேரு மூஞ்சில எப்படி முழிக்கறது’, ‘நீயெல்லாம் எங்க உருப்படப் போற’. பெரும்பாலும் நாலைந்து வாக்கியங்களே சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை முதலில் சொன்னவர் யார் என்று குறியுங்கள்: அப்பா, வாத்தியார், பங்காளி வீட்டுப் பெரியவர், மில் சூப்பர்வைசர். யார் மேலும் பழி போட வேண்டியதில்லை. இரவல் வாங்கிய சொல் என்று தெரிந்தாலே அதன் பிடி கொஞ்சம் தளரும்.

அடுத்தது உடம்பு. கடுஞ்சொல் வெளியிலிருந்து வந்தாலும் உள்ளிருந்து வந்தாலும் நெஞ்சு படபடக்கிறது, தாடை இறுகுகிறது. அந்த நிலையில் எந்த நல்ல சொல்லும் ஏறாது. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் மூன்று நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது பலருக்கு இதமாக இருக்கும். ஆனால் அடி உதைக்கோ தகாத தொடுதலுக்கோ ஆளானவர்களுக்குக் கண்ணை மூடுவதும் நெஞ்சில் கை வைப்பதும் பயத்தைக் கிளப்பலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை மட்டும் கவனிக்கட்டும்.

பிறகுதான் பேச்சு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் தன்மீதான பரிவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது, அது மனிதப் பிறவிக்குப் பொதுவானது என்று உணர்வது, தன்னிடம் கனிவாக இருப்பது. இவற்றை மூன்று வாக்கியமாகச் சொல்லலாம். ‘இப்ப வலிக்குது கண்ணு. இந்த மாதிரி நேரம் எல்லாருக்கும் வருது. இப்ப உனக்கு என்ன வேணுஞ் சாமி?’ நம் பக்கத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் பேசும் அதே தொனியில், உங்கள் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ‘நான்’ என்பதைவிடப் பெயர் சொல்லித் தன்னிடம் பேசும்போது பதற்றம் குறைவதை உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-ல் காட்டியிருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னதாக இருக்கட்டும்: ஒரு சொம்புத் தண்ணீர், அரை மணி நேரத் தூக்கம், ஒருவரிடம் போனில் பேசுவது. ‘வாழ்க்கையே மாற வேணும்’ என்று பதில் வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

பெரும்பாலோர் கைவிடும் இடம் ஒன்று உண்டு. கனிவாகப் பேசத் தொடங்கிய சில நாளில் அழுகை பொங்கும், பழைய அவமானங்கள் வரிசையாக மேலே வரும். ‘இதைச் செய்து இன்னும் கெட்டுப்போனேன்’ என்று நிறுத்திவிடுவார்கள். பூட்டிய பஞ்சு குடோனில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் தீ, ஷட்டரைத் தூக்கியதும் காற்றுப் பட்டுக் குப்பென்று எரிவது போன்றது இது. பரிவு கிடைத்த உடனே, பரிவு கிடைக்காத காலமெல்லாம் நினைவுக்கு வருகிறது. முறை தவறிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை, வேகம்தான் அதிகம். பொங்கினால் மூன்று வாக்கியங்களையும் நிறுத்திவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள், பாத்திரம் கழுவுங்கள், வாசலில் நடங்கள். மறுநாள் ஒரு நிமிடம் மட்டும் செய்யுங்கள். மிகச் சின்னக் காயத்தில் தொடங்குவதே நல்லது. ஆழமானதை முதல் வாரமே தொடக்கூடாது.

இது பழகிய பிறகு எழுதலாம். இதே கஷ்டம் உயிர்த்தோழிக்கு வந்தால் என்ன எழுதுவீர்களோ அதை உங்களுக்கே கடிதமாக, தொடர்ந்து நான்கு நாள், 15 முதல் 20 நிமிடம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் தொடங்கிய எழுத்து ஆய்வுகளின் அளவு ஏறத்தாழ இதுதான். எழுதி முடித்ததும் சிறிது நேரம் மனம் கனக்கும் என்பதால் படுக்கப் போகும்முன் வேண்டாம். நான்கு நாளுக்குப் பிறகும் அதே சம்பவத்தையே தினமும் எழுதினால் அது ஆற்றுவதில்லை, கிளறுகிறது.

‘இப்படிக் கொஞ்சிக்கிட்டா சோம்பேறியாயிருவான்’ என்று உழைத்தே முன்னுக்கு வந்த நம் பகுதிப் பெற்றோர் அஞ்சுவது புரிகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2012-ல் வெளியிட்ட ஆய்வு எதிர்மாறாகச் சொல்கிறது: தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தம்மிடம் பரிவு காட்டத் தூண்டப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

எல்லாக் காயத்துக்கும் இது மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல் எதிலும் பிடிப்பற்று இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே, அந்த நேரமே, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அவமானம் தாங்காமல்’, ‘மதிப்பெண் குறைந்ததால்’ என்ற தலைப்புகளைத் தவிருங்கள். உள்ளே திட்டும் குரல் அவற்றிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொள்கிறது. தற்கொலைச் செய்திகளை வெளியிடுவது பற்றி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவர்களின் படங்கள் வரும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 14416 எண்ணையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்,
கோவை, திருப்பூர், ஈரோடு