கையில் மாட்டும் பேடில்ஸ் தட்டுகளைக் கொஞ்ச நாள் பையிலேயே வை

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அனுப்பிய நீச்சல் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உனக்குத் தெம்பு நிறைய இருக்கிறது. தோள் வலிப்பது அது போதாததால் இல்லை, நீ மூச்சு எடுக்கும் விதத்தால்தான் என்று நினைக்கிறேன்.

வலப்பக்கம் மூச்சு எடுக்கும் இடத்தைப் பார். தலையைத் திருப்புவதற்குப் பதில் தூக்குகிறாய். தூக்கிய தலையைத் தாங்க, முன்னால் நீண்டிருக்கும் இடது கை தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. முழங்கை தொய்ந்து, இடுப்பு இறங்கி, விழாமல் இருக்கக் கால்கள் அகலப் பிரிகின்றன. கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திருத்தப் போனால் எதுவும் நிற்காது, மா.

உறுதிசெய்துகொள்ள, தலையைத் திருப்பாமலே மூச்சு எடுக்க உதவும் ஸ்னார்க்கல் குழாயை மாட்டி நான்கு முறை 25 மீட்டர் நீந்து. கால்கள் பிரியாமல் வந்தால் மூச்சுதான் காரணம். ஆனால் ஸ்னார்க்கலோடு நீந்திக்கொண்டே இருந்தால் அந்தப் பிழை மறைந்திருக்குமே தவிரத் திருந்தாது. புல் பாய் (pull buoy) என்ற மிதவையும் அப்படித்தான். தொடைக்கு நடுவில் வைத்ததும் இடுப்பு மிதந்துவிடும், எடுத்ததும் பழையபடி இறங்கிவிடும்.

திருத்த வேண்டிய பயிற்சி பக்கவாட்டு உதைதான். காலில் மாட்டும் துடுப்பில், அதாவது ஃபின்ஸில், குட்டையானதைப் போட்டுக்கொள். நீளமானது உதையின் வேகத்தைக் குறைத்துவிடும். இடப்பக்கம் சாய்ந்து படு. இடது கை முன்னால், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, விரல்நுனி மணிக்கட்டைவிடத் தாழ்ந்திருக்கட்டும். வலது கை தொடையில். பார்வை குளத்தின் தரையில். மூக்கு வழியாக விடாமல் காற்றை விடு; அடக்கி வைத்துக் கடைசியில் ஊதுவதால்தான் தலையைத் தூக்கத் தோன்றுகிறது. மூச்சு எடுக்க உடம்போடு சேர்த்துத் தலையைத் திருப்பு. கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இடது கை அமுங்குகிறதா என்று மட்டும் பார். அமுங்கினால் இன்னும் தலையில்தான் கோளாறு.

அது அமைந்த பிறகு ஆறு உதைக்கு ஒரு கைவீச்சு என்று பக்கம் மாற்று. அடுத்தது கையை முஷ்டியாக மூடி நீந்துவது. உள்ளங்கை இல்லாதபோது முன்கையால்தான் தண்ணீரைப் பின்னே தள்ள முடியும், முழங்கை தாழ்ந்தால் உடனே வழுக்கும். புக்கிட் ஜாலிலின் 50 மீட்டர் குளம் இதற்கு வசதி: முதல் பாதி பயிற்சி, மறுபாதி எந்தக் கருவியும் இல்லாமல் முழு நீச்சல். ஆறு முறை, நடுவில் 30 விநாடி ஓய்வு. அந்த மறுபாதியை விட்டுவிடாதே. பயிற்சி நீச்சலுக்குள் இறங்குவது அங்கேதான். கைவீச்சை எண்ணிக்கொள், எண்ணிக்கை ஏற ஆரம்பித்தால் களைத்துவிட்டாய், அன்றைக்குப் போதும்.

பக்கவாட்டு உதையை உன் காண்டோ அடுக்குமாடிக் குளத்திலும் செய்யலாம், தூரம் தேவையில்லை. மாலையில் இடி கேட்டதும் ஏறிவிடு.

கிக் போர்டு என்ற மிதவைப் பலகை இப்போதைக்கு வேண்டாம். அதைப் பிடித்தால் தலை நிமிர்ந்து முதுகு வளையும், நாம் விடப் பார்க்கும் பழக்கம் அதுவே.

பேடில்ஸ் தவறான கோணத்தில் இழுக்கும் தோளுக்குப் பாரத்தைக் கூட்டும். வலி முழுதாக அடங்கும் வரை தொடாதே. இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் பிசியோவிடம் காட்டு. திரும்ப எடுக்கும்போது உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது போதும். மணிக்கட்டு வாரைக் கழற்றி, நடுவிரல் வாரை மட்டும் வைத்துக்கொள். கை தப்பாக இறங்கினால் தட்டு தானே நழுவிக் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 200 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

அடுத்த வீடியோவை முன்னாலிருந்து, நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல். இடது கை மூக்கின் நேர்க்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகம்; பக்கவாட்டில் எடுத்ததில் அது தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா