பெரிய பகா எண்ணுக்குச் சின்னச் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2-ஐ 13,62,79,841 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண்; மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்; 2024 அக்டோபரில் லூக் டுரன்ட் கண்டுபிடித்தது. விவரமெல்லாம் சரி. ஆனால் இந்த எண் வங்கிப் பரிவர்த்தனைகளைப் பாதுகாக்க உதவும் என்று முடித்திருப்பது சரியல்ல. ஆர்எஸ்ஏ போன்ற குறியாக்க முறைகளுக்குச் சில நூறு இலக்கங்கள் கொண்ட பகா எண்களே தாராளம். அவையும் பிறருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த எண்ணை வைத்து எந்த ரகசியத்தைக் காப்பது?

'52-ஆவது மெர்சென் பகா எண்' என்று கட்டுரை சொல்வதும் பாதிதான் சரி. (2-இன் ஏதாவது ஓர் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணே மெர்சென் பகா எண்.) இதுவரை தெரிந்தவற்றில் 52-ஆவது. இடையில் இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றனவோ!

நான் கட்டுரையில் தேடியது வேறு. இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து முடியாது. அதற்கு லூக்காஸ்–லேமர் சோதனை இருக்கிறது. பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கலாம்.

127 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 14. அதற்கும் அப்படியே செய்தால் 194. 127-ஆல் வகுக்க மீதி 67. அந்த மீதியை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, மறுபடி 127-ஆல் வகுத்துக்கொண்டே போனால் அப்புறம் 42, 111, கடைசியில் 0. அடுக்கு 7 என்பதால், இரண்டு குறைத்து ஐந்து முறை செய்கிறோம். ஐந்தாவதில் பூஜ்யம் வந்துவிட்டது, 127 பகா எண். அவ்வளவுதான்! 2047-க்கு (2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) ஒன்பது முறை செய்தால் பூஜ்யம் வராமல் 1736-இல் நிற்கும்; ஆகவே அது பகு எண்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2047 என்பது 23 × 89 என்பதை இந்தச் சோதனை சொல்லவே சொல்லாது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று 1644-இல் பட்டியலிட்டார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். இல்லை என்று 1876-இல் நிறுவினார் கணிதவியலர் லூக்காஸ். அதன் காரணிகள் 19,37,07,721-உம் 7,61,83,82,57,287-உம் என்று கணிதவியலர் கோல் கண்டுபிடித்தது 1903-இல்தான்!

புதிய எண்ணுக்கும் இதே கணக்குதான். ஆனால் பதின்மூன்று கோடிக்கும் அதிகமான முறை, அதுவும் கோடிக்கணக்கான இலக்கங்களோடு. ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் ஜிபியு சில்லுகள் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. முதலில் டப்ளினில் இருந்த ஒரு சர்வர் வேறொரு சோதனையில் இந்த எண்ணைப் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று காட்டியது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்காஸ்–லேமர் முறையில் உறுதி செய்தது.

மாணவர் பக்கத்தில் 8191-ஐக் கொடுத்துப் பாருங்கள். அடுக்கு 13, எனவே பதினோரு வரி. கால்குலேட்டர் இருந்தால் பத்து நிமிஷ வேலை.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்,
விருதுநகர்