பொன்னாடை வேண்டாம், பத்து நாற்காலி போடுங்கள்

வட அமெரிக்காவில் கோடை விழா நடத்தும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மென்பொருள் சோதிப்பது என் பிழைப்பு. 14 ஆண்டுகளாகச் சிறுகதையும் எழுதுகிறேன். 21 கதைகள் ஆகியிருக்கின்றன. போன கோடையில் இரண்டு இடங்களுக்குப் போய்வந்தேன். அதைச் சொல்லி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் போனது உங்களைப் போன்ற ஒரு சங்கம் நடத்திய விழா. எந்தச் சங்கம் என்று தேட வேண்டாம், எல்லா விழாவும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். விழாவோடு சேர்ந்து நடந்த இலக்கிய அமர்வில் எனக்கு எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதே நேரத்தில் பெரிய அரங்கில் சென்னையிலிருந்து வந்த நடிகர் மேடையேறினார். எங்கள் அறையில் 11 பேர். அதில் நான்கு பேர் எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர்கள், ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட வந்தவர். கதையை வாசித்தேன். கை தட்டினார்கள். "அருமைங்க" என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முடிந்தது.

அந்த விழாவுக்கு உழைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூவாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் என் கதையில் அந்த அத்தை ஏன் திடீரென்று ஊருக்குக் கிளம்புகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கே சரியாகத் தெரியாது. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் ஆகஸ்டில் வெர்மான்ட் போனேன், பிரெட் லோஃப் எழுத்தாளர் மாநாட்டுக்கு. ரிப்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பசுமை மலைத்தொடருக்குள் இருக்கிறது அந்த இடம். ரொட்டி போலத் தெரியும் மலை ஒன்று அங்கே உண்டு, அதன் பெயரைத்தான் மாநாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். "பத்து நாள் லீவு போட்டு, என்னை நியூ ஜெர்சிக்கு வரவழைத்துப் பேரனைப் பார்க்க விட்டுவிட்டு, ரொட்டி மலைக்கா போறே?" என்று அம்மா கேட்டாள். அங்கே ஒரு சத்திரமும் பெரும் காடும் ஜோசஃப் பேட்டல் என்ற செல்வருக்குச் சொந்தமாக இருந்தன. 1915இல் அவர் இறந்தபோது சொத்து மிடில்பரி கல்லூரிக்குப் போயிற்று. அங்கே 1926இல் கல்லூரி இந்த மாநாட்டைத் தொடங்கியது. கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் பல கோடைகள் இங்கே வந்து பேசியிருக்கிறார், பிற்பாடு ரிப்டனிலேயே பண்ணைவீடு வாங்கிக் கோடைக்கு வந்து தங்கினார். மஞ்சள் பூசிய மரக் கட்டடங்கள், வாசலில் சாய்வு நாற்காலிகள், மலை மேல் தள்ளாடித் தள்ளாடி வரும் செல்போன் சிக்னல். இதெல்லாம் எங்கும் கிடைக்கும், ஊட்டியிலும் கிடைக்கும். விஷயம் அறைக்குள் இருந்தது.

அறையில் பத்துப் பேர், அவர்களை நடத்த ஒரு எழுத்தாளர். ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஓர் அமர்வில் இரண்டு பேருடைய எழுத்தை மட்டும் எடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கதைக்கு ஒரு மணி நேரம்! வாசித்துக் காட்டும் வேலையே இல்லை. எல்லாக் கதையும் முன்கூட்டியே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். படித்து, ஓரத்தில் குறித்து, எழுதியவருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுதிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கதைக்காரர் பேசக் கூடாது. அவர் அங்கே இல்லாததுபோல மற்றவர்கள் பேசுவார்கள். கடைசியில் அவருக்குக் கொஞ்சம் நேரம் தருவார்கள்.

என் முறை மூன்றாம் அமர்வில் வந்தது. விழாவில் வாசித்த அதே அத்தை கதைதான், நானே ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தேன். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் முதலில் ஆரம்பித்தார். "கடைசிப் பத்தி வேண்டாம். அதற்கு முந்தின பத்தியிலேயே கதை முடிந்துவிட்டது. அதன் பிறகு எழுதியவர் பயந்துபோய் விளக்கம் சொல்கிறார்." எனக்குக் காது சூடேறிவிட்டது. அந்தப் பத்தியைத்தான் நான் கதையின் உயிர் என்று நினைத்திருந்தேன். எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம் அதற்கே போயிருந்தது! ஊர் திரும்பியதும் அதை வெட்டினேன். இரண்டு நாள் மனது கேட்கவில்லை, மூன்றாம் நாள் சரி என்று தோன்றியது.

என் வேலையே அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடித்து எழுதி அனுப்புவது. "இந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை போகிறது" என்று எழுதினால் யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்வதில்லை, நன்றி சொல்லித் திருத்துகிறார்கள். 14 ஆண்டில் என் கதைகளில் ஒரு பிழையைக்கூடத் தமிழில் யாரும் எனக்கு எழுதி அனுப்பியதில்லை. ஒன்று, அருமை. இல்லாவிட்டால் மௌனம். எழுதுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அங்கே கிடைக்காதது ஒன்றும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் கதை முழுக்க அந்த அத்தை என்ற உறவின் மேல்தான் நிற்கிறது. அப்பாவின் தங்கை. தன் மகனுக்கு என்னைக் கேட்க உரிமை உள்ளவள், கேட்காமலே இருந்துவிட்டவள். ஆங்கிலத்தில் போனதும் அவள் வெறும் ஆன்ட்டி ஆகிவிட்டாள். சித்தியும் ஆன்ட்டி, பெரியம்மாவும் ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரியும் ஆன்ட்டி. அறையில் ஒன்பது பேரும் அவளை நல்ல பெண்மணி என்று சொன்னார்கள். அவள் செய்யாமல் விட்டது யார் கண்ணிலும் படவில்லை. கதை நடப்பது கோவில்பட்டிப் பக்கம். "வந்துட்டுப் போறேன்" என்பதற்கும் "வாரேன்" என்பதற்கும் நடுவில் அவள் நிற்கிற இடத்தை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது? கட்டமைப்பைப் பற்றி அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. என் வாக்கியத்தைப் பற்றி அவர்களால் ஒரு சொல்கூடச் சொல்ல முடியவில்லை. அதற்குத் தமிழ் தெரிந்த அறை வேண்டும். அந்த அறையை இந்த நாட்டில் போடக்கூடியவர்கள் நீங்கள்தான்.

இது இங்கே ஒன்றும் புதிதல்ல. தங்களுக்கான அறை இல்லை என்று உணர்ந்தவர்கள் ஏற்கெனவே தாங்களே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பினக் கவிஞர்களுக்காக டோய் டெரிகாட்டும் கார்னீலியஸ் இடியும் 1996இல் கேவ் கானெம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களுக்காக 2004இல் குந்திமான் வந்தது. இரண்டுமே ஒருசிலர் சில நாட்கள் சேர்ந்து தங்கி எழுதுவதற்கான ஏற்பாடாகத் தொடங்கியவைதான். நம் ஊரிலும் இருக்கிறது. ஊட்டி நாராயண குருகுலத்தில் ஜெயமோகனும் நண்பர்களும் நடத்திய குரு நித்யா காவிய அரங்கில் படைப்புகளை முன்பே படித்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. நம் எழுத்தாளர் அமெரிக்கா வந்து இப்படி உட்கார்ந்ததே இல்லையா என்றால், அசோகமித்திரன் 1973இலேயே அயோவா பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு வந்திருக்கிறார். அவருடைய 'ஒற்றன்' நாவல் அங்கிருந்து பிறந்ததுதான்.

சரி, நான் கேட்பது இதுதான். உங்கள் விழாவுக்கு முந்தைய மூன்று நாட்கள். பத்துப் பேர், ஒரு மேசை. கோடையில் பல்கலைக்கழக விடுதிகள் காலியாகக் கிடக்கும், வாடகைக்குத் தருவார்கள். எழுத்தாளர் மாநாடுகள் பலவும் ஓடுவதே இப்படிப் பல்கலைக்கழகங்கள் காலியாக இருக்கும் காலத்தில்தான். டென்னசியில் சூவனி மாநாடும் அப்படித்தான் ஜூலையில் நடக்கிறது. நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் விட்டுச் சென்ற சொத்தின் உதவியால் 1990இல் தொடங்கியது அது. நமக்கு நாடகாசிரியர் யாரும் சொத்து எழுதிவைக்கவில்லைதான். ஆனால் ஒரு நடிகரின் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போதும் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளர்களை நீங்கள் எப்படியும் வரவழைக்கிறீர்கள். நல்லவர்களைத்தான் வரவழைக்கிறீர்கள். வந்தவரை மேடையில் 20 நிமிடம் பேசவிட்டு, நயாகரா காட்டி, அவுட்லெட் கடையில் பெட்டி வாங்கிக் கொடுத்து விமானம் ஏற்றிவிடுகிறீர்கள். நயாகரா எங்கும் போய்விடாது. அவரை மூன்று நாள் எங்களுக்குக் கொடுங்கள். பேச வேண்டாம், எங்கள் கதையைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஊதியமும் கொடுங்கள். அன்பளிப்பு என்று உறையில் போட்டு நீட்டாமல், முன்பே தொகை பேசிக் கொடுங்கள்.

பிரெட் லோஃபை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். அங்கே ஆசிரியர், ஃபெல்லோ, உதவித்தொகை பெற்றவர், பணம் கட்டி வந்தவர் என்று படிப்படியான அடுக்கு உண்டு. நான் கடைசிப் படி. நீண்ட காலம் அங்கே இளம் எழுத்தாளர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களுக்குப் பரிமாறினால் உதவித்தொகை என்ற வழக்கம் இருந்தது. பிறகு அதைக் கைவிட்டார்கள். நம் பந்தியில் பரிமாறுவது வீட்டுக்காரர் தானே விரும்பிச் செய்வது, அதில் மேல் கீழ் கிடையாது. சாப்பாட்டு விஷயத்திலாவது நம்மால் அவர்களைவிட நன்றாக நடத்த முடியும். கதைக்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியும் கட்டாயமில்லை. நம்மவர்களை ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாதி நேரம் இருந்தால் போதும்.

இதை ஒரு பொறுப்பாளரிடம் போனில் சொன்னபோது, "நம்ம ஆளுங்க தாங்க மாட்டாங்கம்மா, சண்டையாயிடும்" என்றார். தருமி கதையை நினைத்துக்கொண்டேன். குற்றம் கண்டதும் தருமி கலங்கியது பாட்டுக்காக இல்லை, பொற்கிழிக்காக. பாட்டுத்தான் அவனுடையதே இல்லையே! பரிசும் மேடையும் நடுவில் இருக்கும்வரை விமர்சனம் சண்டையாகத்தான் ஆகும். பரிசில்லாத அறையில், பத்துப் பேரும் அடுத்தவர் கதையை இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தால், கோபம் வரும், அழுகைகூட வரும், சண்டை வராது. அந்த நர்ஸ் எனக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரி, "உன் கதையை மூன்று முறை படித்தேன்" என்பது. மூன்று முறை படித்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

பொன்னாடை மட்டும் வேண்டாம். வீட்டில் மூன்று இருக்கிறது.

பத்துப் பேரைத் தேடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். டெட்ராய்ட்டில் ஒருவர், டல்லாஸில் இருவர், டொராண்டோவில் ஈழத்திலிருந்து வந்த ஓர் அக்கா என்று ஆறு பேர் ஏற்கெனவே கதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். அடுத்த விழாவுக்கான உங்கள் முதல் கூட்டம் குளிர்காலத்தில் நடக்கும் என்று சொன்னார்கள். கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். எட்டு நிமிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சிறுகதைக்காரி