அம்மாவின்ட மரண அறிவித்தல் ஏன் அவ்வளவு சின்னன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மூண்டு கிழமைக்கு முதல் உங்கட பேப்பரில வந்த எங்கட அம்மாவின்ட மரண அறிவித்தல் பற்றித்தான் எழுதுறன். பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, அடக்கம் எத்தின மணிக்கு, கீழ ஒரு பைபிள் வசனம், அவ்வளவுதான். வசனம் லூக்கா 18:13, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்". அண்டைக்கு காலம உவர்மலையில வீட்டுக்குள்ள பிரேதம் வைச்சிருக்கேக்கயே போன் வரத் துவங்கிட்டுது, கொழும்பில இருந்து மாமா, கனடாவில இருந்து சின்னம்மா, 34 வருசம் சண்டே ஸ்கூல் படிப்பிச்ச மனுசிய ஊரறிய பாவி எண்டு போட்டுட்டியளே, உங்களுக்கு என்ன பிடிச்சது எண்டு. இப்பவும் மாக்கட்டில ஆக்கள் மறிச்சுக் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் நிண்டு விளங்கப்படுத்த ஏலாது, அதால இங்க சொல்லுறன்.

தங்கச்சி அறிவித்தலுக்கெண்டு முதல் எழுதி வைச்சதில எல்லாம் இருந்தது. சண்டே ஸ்கூல், மாதர் சங்கம், 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில தங்கியிருந்த சனத்துக்கு அண்டாவில சோறாக்கிக் குடுத்தது, இப்பிடி. ஒண்டும் பொய்யில்ல. வெட்டினது நான்தான்.

ஏனெண்டா அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த கடைசிக் கிழமை இரவில நான்தான் பக்கத்தில இருந்தனான். ஒருநாள் ரெண்டு மணி இருக்கும், வாட்டில ஃபான் சத்தம் மட்டும்தான், அவ கண்ண மூடிக்கொண்டு விரல மடக்கி மடக்கி என்னவோ எண்ணுறா. செபமாக்கும் எண்டு பாத்தன். பிறகு கண்ணத் திறந்து, "பிள்ள, நான் காணுமான அளவு செய்தனானோ?" எண்டு கேட்டா. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. ஊரே நல்ல மனுசி எண்டு சொல்லுற ஆள், சாகப் பயந்து கணக்குப் பாக்கிறா.

அவவிட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. காணிக்கை, உபவாச நாள், ஆரார் வருத்தக்காரரப் போய்ப் பாத்தது, எல்லாத்துக்கும் தேதி போட்டு கோடு கீறி எழுதி வைச்சிருப்பா. 2022ல மண்ணெண்ணெய்க்கு கியூவில நிண்ட அந்த மாசங்களில காணிக்கைக்கு காசில்ல, அந்த இடத்தில பென்சிலால "கடன்" எண்டு எழுதியிருக்கு. நாலு மாசம், நாலு "கடன்". அந்த நாலும்தான் அண்டிரவு அவவ நித்திரை கொள்ள விடேல்ல. கடவுளுக்கு கடன் வைச்சிட்டுப் போறன் எண்டு அழுதா ஐயா.

நான் பெரிய படிப்புப் படிச்ச ஆளில்ல. ஆனா சிலுவையில இயேசுவுக்குப் பக்கத்தில தொங்கின கள்ளன்ட கதைய வாசிச்சுக் காட்டினன். அவனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்ல, களவெடுத்தத திருப்பிக் குடுக்க கையும் ஆணியில, ஒரு சதம் காணிக்கை போட்டவனில்ல, "என்ன நினைச்சுக்கொள்ளும்" எண்டு கேட்டான், இண்டைக்கே என்னோட பரதீசில இருப்பாய் எண்டு பதில் வந்திட்டுது. அம்மா கனநேரம் பேசேல்ல. பிறகு மெல்லமா, "அவனுக்கு கொப்பியே இல்ல என்ன" எண்டா. அதுக்குப் பிறகு, பேப்பரில போட்ட அந்த வசனம், வரி தண்டுற ஆயக்காரன்ட செபம், அதச் சொல்லித் தரச் சொன்னா, எத்தினயோ பிள்ளையளுக்கு அவவே பாடமாக்கிக் குடுத்த செபம், அண்டைக்குத்தான் தனக்காகச் சொன்னா. கணக்க இயேசு தீர்த்திட்டார் எண்டு விளங்கின பிறகு மூண்டு நாள் இருந்தா, திரும்ப விரல் மடக்கேல்ல.

நாங்க மெதடிஸ்த சபை. அதத் துவக்கின எங்கட ஜோன் வெஸ்லியும் இப்பிடித்தான் கஷ்டப்பட்டவர். குருவானவர், உபவாசம் இருந்தவர், ஜெயிலுக்குப் போய் கைதியளப் பாத்தவர், அப்பிடியிருந்தும் 1736ல ஜோர்ஜியாவுக்குப் போற கப்பல் புயலில மாட்டேக்க சாவுக்குப் பயந்து நடுங்கினார், அதே கப்பலில மொராவிய சபை எண்ட இன்னொரு கிறிஸ்தவ சபைச் சனம் அமைதியாப் பாடிக்கொண்டிருந்தது. அவருக்கு நிம்மதி வந்தது 1738 மே 24, லண்டனில ஒரு சின்னக் கூட்டத்தில, பைபிளில இருக்கிற ரோமர் நிருபத்துக்கு, புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தத் துவக்கின மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரைய ஆரோ வாசிக்கக் கேக்கேக்க. கிறிஸ்துவ மட்டும் நம்பினன் எண்டுதான் அத எழுதி வைச்சவர். இது புரட்டஸ்தாந்து ஆக்களின்ட சண்டைக் கதையெண்டும் நினைக்க வேண்டாம். என்ட மச்சான் கத்தோலிக்கம், அவருக்கும் இதத்தான் சொன்னனான், 1999 ஒக்டோபர் 31 ஜேர்மனியில கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒண்டா இருந்து கையெழுத்து வைச்சது, எங்கட நல்ல செயலால இல்ல, கிருபையால மட்டும்தான் கடவுள் எங்கள ஏற்றுக்கொள்ளுறார் எண்டு. 2006ல மெதடிஸ்த ஆக்களும் அதில சேர்ந்தவ.

அப்ப நல்லது செய்யத் தேவையில்லையோ, குடிச்சு வெறிச்சுத் திரிஞ்சிட்டு கடைசியில நம்பினாக் காணுமோ எண்டு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான், கிரியை, அதாவது நல்ல செயல், இல்லாத விசுவாசம் செத்தது எண்டு பைபிளில யாக்கோபு எழுதியிருக்கிறார். ஆனா எது முதல் எண்டதில்தான் எல்லாம் கிடக்கு. அம்மா அந்த மூண்டு நாளுக்குள்ள, வாட்டு கூட்டிற பிள்ளைக்கு தன்ட ரெண்டு புதுச் சீலையையும் குடுக்கச் சொன்னா. கொப்பியக் கேக்கேல்ல. வாழ்க்கையில முதல் தரம் தேதி போடாமல் ஒண்டு குடுத்தா.

எங்கட செத்தவீடுகளில எழும்பிப் பேசுறாக்கள் செத்தவர் செய்த சேவையளத்தான் பரலோகத்துக்கு சேர்ட்டிபிகேட் மாதிரி வாசிக்கினம். அங்க பின்னால ஒரு மூலையில, குடிச்சே செத்த மகன அடக்கம் பண்ணின தாய் ஒருத்தி இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. அவவுக்கு வாசிக்க என்ன இருக்கு? அந்தத் தாயும் பேப்பரில இந்த வசனத்தப் பாக்கோணும் எண்டு நினைச்சன்.

31ம் நாள் நினைவஞ்சலியும் இதோட அனுப்பியிருக்கிறன். அதிலயும் பேர், தேதி, அதே வசனம். பாவி எண்ட சொல்ல எடுத்துவிடச் சொல்லி ஆரும் போன் எடுத்தா தயவுசெய்து எடுக்க வேண்டாம், இடம் மிச்சமிருந்தா அப்பிடியே வெறுமையா விடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.