கீழே எப்படி இருக்கும்?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அக்கா வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. ஜோகன்னஸ்பர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொண்டது, இருமல் குறைந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே மஞ்சள் மணல் மேடுகளைப் பார்த்தேன். அக்கா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நம்ம கோலார் தங்கவயலில், கேஜிஎஃப்பில், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் மேடுகள் இருக்குமே, அந்தச் சயனைடு மேடுகளேதான், நிறம்தான் வேறு. இங்கே 1886ல் தங்கம் கண்டார்கள். நம் ஊரில் வெள்ளைக்காரக் கம்பெனி வேலை தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான்.

போன சனிக்கிழமை அக்கா ஒரு ஆட்டம்பாட்டு நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் ‘உமோஜா’. ஒற்றுமை என்று அர்த்தமாம். டாட் ட்வாலா, தெம்பி ந்யான்டெனி என்று இரண்டு பெண்கள் உருவாக்கியது. இருவரும் இந்த ஊர் ஓரத்திலுள்ள சோவெட்டோவில் வளர்ந்த சிநேகிதிகள். ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்து, லண்டன் வரைக்கும் கொண்டுபோய் ஆடவைத்திருக்கிறார்கள். கிராமத்து முரசில் ஆரம்பித்து, வெண்டா இனத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாம்பு போல நெளிந்து ஆடும் ஆட்டம், கள்ளச்சாராயக் கடைப் பாட்டு, சர்ச் பாட்டு என்று இன்றைய பிள்ளைகளின் ஆட்டம் வரை போகிறது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

நடுவில் விளக்கு அணைந்தது. பத்துப் பேர் இருக்கும், கம்பூட்ஸ் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். வாத்தியம் ஒன்றும் கிடையாது. முன்னால் நிற்பவன் ஒரு குரல் கொடுக்கிறான். உடனே எல்லோரும் குனிந்து பூட்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைகிறார்கள். அப்புறம் குதிகாலோடு குதிகால் மோதல், தரையில் ஒரு மிதி, மறுபடி அறை. கணுக்காலில் சோடா மூடிகளைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள், அது வேறு சலசலக்கிறது. ரப்பரில் கை படும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்த சத்தம். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து கேஜிலிருந்து, அதான் சுரங்க லிஃப்டிலிருந்து, இறங்கியதும் சேற்றைத் தட்டிவிடுவோமே, அதே சத்தம்.

இங்கே சுரங்கத்துக்குள் தண்ணீர் தேங்கும். அதை வடிப்பதற்குச் செலவாகும் என்று ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்களாம். வேலை நேரத்தில் பேசவும் கூடாதாம். அதனால் பூட்ஸைத் தட்டித் தட்டியே சேதி சொல்லிக்கொண்டார்கள், அதுதான் பிற்பாடு ஆட்டமானது என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான், தம்பி. டிரில் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. தலை விளக்கை ஆட்டித்தான் பேசுவோம். இப்படி ஆட்டினால் நிறுத்து, அப்படி ஆட்டினால் வா. எங்களுக்கும் ஒரு பாஷை இருந்திருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு கூட்டம் நுனிக்காலில் நடந்துகொண்டே தாழ்ந்த குரலில் பாடியது. ஹாஸ்டலில் அடைத்து வைத்திருந்த தொழிலாளிகள் காவல்காரன் காதில் விழாமல் ஆடிப் பழகியதாம். அந்த மாதிரிப் பாட்டில் பெரிய ஆள் சாலமன் லிண்டா. 1939ல் அவர் பாடிய ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓடிப் பணம் கொட்டியது. அவர் 1962ல் ஏழையாகவே செத்துப்போனார். அக்கா இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

கம்பூட்ஸ்காரர்கள் முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன், கை தட்ட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தன்கூடச் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்க மாட்டான். ஆனால் தாத்தன் எப்படிக் குனிந்தான், எப்படி மூச்சு வாங்கினான் என்று உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறான். யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

உனக்கு எட்டு வயசிருக்கும். “கீழே எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாய். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் “இருட்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இருட்டு மட்டும் இல்லை, தம்பி. சூடு. நம்ம ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையில் கை வைத்தால் சுடும். திடீரென்று மலையே உறுமுவது போலப் பாறை வெடிக்கும், அப்போது ஒருத்தர் பேரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வோம். பதில் வராத பேர்களும் உண்டு. எழுத எழுத வருகிறது, ஆனால் இதையெல்லாம் நேரில்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நான் வந்ததும் நீ நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அதற்குள் ஒரு வேலை செய். பரண்மேல் தகரப் பெட்டிக்குள் என் பூட்ஸும் தலை விளக்கும் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் பழைய சாமானோடு போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். போட வேண்டாம். இறக்கித் துடைத்து வை. ரப்பர் பழசு, வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நிழலிலேயே காயட்டும்.

அன்புடன்,
அப்பா