ஏரி பார்த்த வீடு வாங்குவோருக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தினருக்கு,

வணக்கம். தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய தெருவொன்றில் 2012இல் தரைத்தள வீடு வாங்கியவன் நான். பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம் என எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டினேன். வங்கியும் பார்த்துத்தான் கடன் கொடுத்தது. ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் எந்தப் பக்கம் என்பது மட்டும் ஒரு தாளிலும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, தண்ணீர் முதலில் குளியலறையில்தான் பொங்கியது, சல்லடை மூடியைத் தூக்கிக்கொண்டு. அம்மாவை நாற்காலியோடு மாடி வீட்டுக்குத் தூக்கிச் சென்றோம். விடிந்தபோது அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஊறிக் கிடந்தன. இடுப்பளவில் படிந்த அந்தக் கோடு, மூன்று முறை வெள்ளையடித்தும், மழைக்காலத்தில் சுவரில் மறுபடி தெரிகிறது.

"இது கலங்கல் தண்ணீர் போகும் வழி தம்பி" என்றார், முன்பு இங்கே நெல் பயிரிட்ட பெரியவர். அவரைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், பிறகு செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரி ஏரியாகத் தண்ணீர் இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். கரைக்கு வெளிப்புறம் இருந்தவை ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன வயல்கள். ஏரி நீர்மட்டத்தைவிட அவை தாழ்வு. அதனால்தான் மதகைத் திறந்தாலே தண்ணீர் பாய்ந்தது. வயல் மனையானாலும் பள்ளம் பள்ளம்தானே? 'ஏரி பார்த்த வீடு' என்று விற்பவற்றில் பல, ஏரிக்குக் கீழே இருப்பவை.

ஏரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோடையிலும் எங்கள் கிணறு வற்றாமல் இருப்பது அதனால்தான்.

வீட்டு விளம்பரத்தில் உங்கள் பதிவு எண் இருந்தாக வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். அதோடு, அருகிலுள்ள ஏரியின் பெயர், மனை கரைக்கு எந்தப் பக்கம், கலங்கலும் வாய்க்காலும் எவ்வளவு தூரம், ஏரி நிரம்பும்போது நீர்மட்டம் தரைத்தளத்துக்கு மேலா கீழா என்பவற்றையும் போடச் செய்யுங்கள். வாய்க்கால், வருவாய்த்துறையின் புல வரைபடத்தில் இருக்கிறது. மட்டக் கணக்கு நீர்வளத்துறையிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து வாங்குபவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத கட்டடத்துக்கும் உங்களிடம் பதிவு தேவையில்லை. எங்கள் தெருவில் எழும்புபவை எல்லாம் அந்த அளவுதான். அவற்றின் கிரயப் பத்திரத்தோடும் இதே விவரத்தை இணைக்குமாறு அரசுக்குப் பரிந்துரையுங்கள். அந்த அதிகாரத்தைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது.

போன ஞாயிறு, பக்கத்து மனையில் வரப்போகும் வீட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கைக்குழந்தையோடு, தரைத்தளம்தான் விலை குறைவு என்று. உள்ளே அழைத்துச் சுவர்க் கோட்டைக் காட்டினேன். அடுத்த ஞாயிறு நான் ஊரில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செம்பாக்கம் வாசி ஒருவன்