குவளையில் பொறித்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணமக்களின் பெயரும் திகதியும் பொறித்த கண்ணாடிக் குவளைகளைத் திருமண அன்பளிப்பாகக் கொடுப்பது வெறும் பகட்டு என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பகட்டு என்பதை நான் மறுக்கவில்லை. நம் முன்னோர் மூக்குப்பேணியிலும் செம்பிலும் பெயர் வெட்டுவித்தது, இரவல் போன பாத்திரம் வீடு திரும்புவதற்காக மட்டுமா? ஆனால் பெயர் யாருடையது என்று பார்க்கும் நாம், அதைப் பொறித்தது யாருடைய கை என்று பார்ப்பதில்லை.

1656 முதல் 1796 வரை கொழும்பைத் தன் பிடியில் வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் பொறித்த குவளைகள் இன்றும் நூதனசாலைகளில் இருக்கின்றன. கப்பல் நலமாகத் திரும்பவும் குடும்பம் தழைக்கவும் வாழ்த்திக் குடிப்பதற்கென்றே அக்காலத்து ஒல்லாந்தச் செல்வர்கள் இத்தகைய குவளைகளைச் செய்வித்தார்கள். 1674இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் காப்புரிமை பெற்ற கண்ணாடியிலிருந்து வளர்ந்த ஈயக் கண்ணாடி, ஒளி மிகுந்ததாகவும் வெட்டுக்கு இணங்குவதாகவும் இருந்ததால், செதுக்குவோர் அதை விரும்பித் தேடினர். சுழலும் சிறு செப்புச் சக்கரத்தில் எண்ணெயும் குருந்தக்கல் தூளும் தடவி, அதன் அடியில் குவளையைப் பிடித்துக் கோடு கோடாக வெட்டுவது ஒரு முறை. ஆம்ஸ்டர்டாமின் ஜேக்கப் சாங் இதில் தேர்ந்தவர், தம் வேலையில் கையொப்பமும் ஆண்டும் இட்டவர். பிரான்ஸ் கிரீன்வுட் என்பவரோ வைர முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டியே உருவங்களை எழுப்பினார்: புள்ளி நெருங்கிய இடம் வெளிச்சம், புள்ளியில்லாத இடம் நிழல். ஒரு கை நடுங்கினால் குவளையே வீண்.

அண்மையில் என் சகோதரி மகளின் திருமணத்துக்காகப் புறக்கோட்டைக் கடையொன்றில் 'கைவேலை' என்று சொல்லி இரண்டு குவளைகளை எனக்கு விற்றார்கள். வீட்டில் நகத்தால் தடவிப் பார்த்தபோது, எழுத்துகள் முழுவதும் ஒரே சீரான சொரசொரப்பாக இருந்தன. சக்கரம் வெட்டிய கோட்டில் இருக்கும் ஆழ வேறுபாடு எங்கும் இல்லை. எழுத்து வடிவம் வெட்டிய அச்சுத்தாளை ஒட்டி, மணலை வேகமாகப் பீச்சிச் செய்த வேலை அது. அதுவும் அழகுதான், விலையும் குறைவாக இருக்க வேண்டியது. கைவேலையின் விலையை ஏன் வாங்கினார்கள் என்பதே என் கேள்வி. இவற்றை விற்பவர்கள் சக்கரச் செதுக்கல், மணல் வீச்சு, லேசர் என்று செய்முறையைச் சிட்டையில் தமிழிலும் எழுதித் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு